உறுமாத சைலன்ஸர்

அரசலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கருகே உள்ள காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து, ஐஸ் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மேற்கே திருநள்ளாறு, பேரளம் வழியாகக் கும்பகோணத்துக்கும், வடக்கே தரங்கம்பாடி வழியாகச் சிதம்பரத்துக்கும் புறப்படுகிற சிறு சுமைவண்டிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பவர்க்கு, முதலில் கண்ணில் படுவது துருவேறிய சைலன்ஸராகவே இருக்கும். பெட்டிகளிலிருந்து உருகி வழியும் உப்புநீர் அதை வெளியிலிருந்து அரிக்கிறது. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் நாட்களில், குழாய் முழுவதும் சூடேறாமையால் உள்ளே தங்கிவிடும் நீர், புகையோடு கூடி அமிலத்தன்மை பெற்று உள்ளிருந்து அரிக்கிறது. உட்பக்கத்து அரிப்பே அபாயகரமானது. வெளித்தகடு வழுவழுப்பாக இருக்கும்போதே உள்ளேயிருக்கும் தடுப்புத் தகடு கழன்றுவிட, அதுவரை சாதுவாக ஓடிய வண்டி திடீரென்று உறுமத் தொடங்குகிறது. மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் துருச் சில்லுகள் கலகலவென்று உருளும் சப்தம் கேட்கும். அதன்பின் ஒட்டுப் போடுவதில் பிரயோஜனமில்லை, புதியதைத் தேடவேண்டியதுதான்.

தேடும்போதுதான் சிரமம் ஆரம்பமாகிறது. கடைக்காரரும் பட்டறைக்காரரும் புதிய சைலன்ஸரை மாட்டி, நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, "பாருங்க, சத்தமே இல்ல" என்று காட்டுவார்கள். அந்தப் பரீட்சையால் நமக்கு வேண்டிய விஷயம் எதுவும் தெரியாது என்பதே, மூன்று விதமான சைலன்ஸர்களை ஒரே வண்டியில், அதாவது இரண்டரை லிட்டர் கொள்ளளவும் நாலு சிலிண்டரும் உடைய பழைய டீசல் பிக்கப் ஒன்றில், மாற்றி மாற்றி மாட்டி ஓட்டிப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட உறுதியான அபிப்பிராயம்.

சப்தத்தின் அளவு வேறு, உறுமல் வேறு. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை புகையை வெளியே தள்ளுவதால், நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் அது வினாடிக்கு ஏறக்குறைய 67 துடிப்புகளாகிறது. மூன்று சிலிண்டர் உடைய அசோக் லேலண்ட் தோஸ்தில் அதே சுழற்சிக்கு 50 துடிப்புகள். 2005-இல் வெளிவந்த டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சினிலோ 33 துடிப்புகள்தாம். இந்தத் துடிப்போ இதன் இரட்டிப்போ, கேபினின் கூரைத் தகடும் பின்சுவரும் உள்ளே அடைபட்ட காற்றும் இயல்பாக அதிரும் எண்ணோடு பொருந்திவிடுமானால், அந்த ஒரு வேகத்தில் மட்டும் கேபின் முழுவதும் கும்மென்று முழங்கும். வேகத்தைச் சற்றே கூட்டினாலும் குறைத்தாலும் அடங்கிவிடும். திமிரி நாகசுரத்தைவிட நீண்ட பாரி நாகசுரத்தில் சுருதி தாழ்ந்து பேசுவதுபோல, புகைக்குழாயின் நீளமும் சைலன்ஸரின் வயிற்றளவும் எந்தச் சுருதி ஓங்கும், எது ஒடுங்கும் என்பதை நிர்ணயிக்கின்றன. ஆகவே ஒரு வண்டிக்குப் பொருந்திய சைலன்ஸரை, வாய் அளவு ஒத்துவருகிறது என்ற ஒரே காரணத்துக்காக வேறு எஞ்சினுக்கு மாட்டுவது விவேகமன்று.

முதலில் மாட்டியது பட்டறையில் செய்த பெட்டி. ஒரு தகரக் கூடு, நடுவே துளையிட்ட ஒரு குழாய், ஒரே ஒரு தடுப்பு. அசலின் நீளத்தில் பாதியே இருக்கும். நின்ற இடத்தில் சாந்தமாகத்தான் இருந்தது. திருமலைராயன்பட்டினம் தாண்டி வாஞ்சூரை நோக்கிச் செல்லும் சாலையில், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் அறுபதைத் தொட்டபோது அதன் சுபாவம் வெளிப்பட்டது. "சத்தம் ஒண்ணும் பெரிசா இல்லீங்க; ஆனா அறுபதுல போனா நெத்திப்பொட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றார் எங்கள் ஓட்டுநர். கைபேசியிலுள்ள டெசிபல் செயலியோ பழைய நிலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. அதில் வியப்பில்லை. வழக்கமாக இந்தச் செயலிகள் கையாளும் 'ஏ' அளவுகோல், வினாடிக்கு 63 அதிர்வுள்ள ஒலியை 26 டெசிபல் குறைத்தே கணக்கிடுகிறது. சப்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்து காட்டும் செயலியைத் திறந்தபோதுதான், இடது ஓரத்தில் ஒற்றைக் கம்பமாக அந்த உறுமல் நிமிர்ந்து நின்றது. ஓட்டுநரின் நெற்றிப்பொட்டு சொன்னதே சரி.

இரண்டாவது, இளைஞர்கள் விரும்பி வாங்கும் நேர்குழாய் வகை. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்திருப்பார்கள். கிறீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பஞ்சு நன்றாகவே விழுங்கிவிடுகிறது. குரல் கம்பீரமாகவும் இருக்கிறது. ஆனால் முந்நூறு டிகிரிப் புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 480 மீட்டர் வேகத்தில் செல்வதால், 67 துடிப்புடைய ஒலியின் அலை ஒன்று ஏழு மீட்டருக்கும் அதிக நீளமுடையது. இரண்டங்குலக் கனமுள்ள பஞ்சு அதை என்ன செய்துவிட முடியும்? மேல் ஒலிகள் நீங்கிவிட்டமையால் உறுமல் முன்னைவிடத் துலக்கமாகவே கேட்டது. நெடுந்தூரம் சுமை இழுக்கும் வண்டிக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது, அசல் அமைப்பிலேயே செய்யப்பட்ட அறை வகை. உள்ளே மூன்று அறைகள். புகை ஒரு குழாய் வழியே புகுந்து, திரும்பி, மறுபடியும் திரும்பி வெளியேறுகிறது. திரும்பும் இடங்களில் எதிரொலிக்கும் அலை, வருகிற அலையை எதிர்த்து அடக்குகிறது. வாய் குறுகி வயிறு அகன்ற அறை ஒன்று குறிப்பிட்ட ஒரு சுருதிக்கு மட்டும் இசைந்து அதிரும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி விளக்கினார். அத்தகைய அறையைக் குழாயின் பக்கத்தில் இணைத்துவிட்டால், அதே சுருதியை அது வழியிலேயே மடக்கிவிடுகிறது. கையில் தூக்கினாலே கனம் தெரிகிற இந்தச் சைலன்ஸரோடு அதே சாலையில் அதே சுமையோடு போனபோது, கேபினில் பேச்சு தடையின்றி நடந்தது. நாலாம் கியரில் நாற்பத்தைந்தருகே இலேசான முனகல் உண்டு. அந்த வேகத்தில் நிலைத்து ஓடுவது அரிது என்பதால் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. விலை அதிகந்தான். ஓட்டுநரின் தலைவலி தீர்ந்ததை எண்ணும்போது, அந்த வித்தியாசத்தைக் கொடுக்க நான் கணமும் தயங்கமாட்டேன்.

வாங்கும்போது அலுமினியப் பூச்சுள்ள எஃகா என்று விசாரியுங்கள்; கறுப்புப் பெயிண்ட் மட்டும் பூசிய தகடு இந்தக் கடற்காற்றுக்கு ஈடுகொடாது. அடியில் தாழ்ந்த இடத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். தேங்கும் நீர் வடிவதற்காகவே அது இருப்பதால், ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைக்க விடாதீர்கள். தொங்கவிடும் ரப்பர்கள் இற்றிருந்தால் அவற்றையும் மாற்றவேண்டும்; கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினால் அதிர்வு நேரே சேஸிஸில் ஏறி, எத்தனை நல்ல சைலன்ஸரையும் கெடுத்துவிடும். டெயில் பைப்பைச் சுமைத்தொட்டியின் அடியிலேயே வெட்டி நிறுத்துவதும் அப்படித்தான். சப்தம் தொட்டியின் அடித்தகட்டில் மோதிக் கேபினுக்குத் திரும்புவதோடு, புகையும் உள்ளே வரக்கூடும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைவடிப்பானும் உணர்கருவிகளும் குழாயோடு சேர்ந்தே இருப்பதால், அவற்றுக்குப் பின்னாலுள்ள சைலன்ஸரை மட்டுமே மாற்றலாம். வடிப்பானை வெட்டியெடுப்பது சட்டவிரோதம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சைலன்ஸரைக் கட்டாயமாக்குகிறது. சப்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். ஆதலால் பணம் கொடுக்குமுன், உங்கள் வண்டி வழக்கமாக ஓடும் வேகத்தில், வழக்கமான சுமையோடு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். வாங்கியபின் இரண்டொரு நாள் ஓடியதும், எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில், ஃப்ளாஞ்ச் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.