கந்தகக் காற்றில் கடைக் கணினி

தோலிலிருந்து முடியைக் களையச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பது டேனரிகளில் அன்றாட வேலை. அந்தக் கழிவுநீர் போகிற வழியெல்லாம் அழுகிய முட்டை நாற்றமும் கூடவே போகும். மனிதர் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக் கணினிக்கு அந்த வசதி இல்லை. அதன் ஃபேன் இரவு பகலாக அதே காற்றை உள்ளே இழுத்து, செம்பும் வெள்ளியும் பூசிய போர்டின் மேல் ஊதிக்கொண்டே இருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரணக் கணினி, ராஸ்பெர்ரி பை போர்டு, வீட்டு ரவுட்டர் ஆகியவற்றைத் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டில் பயன்படுத்தலாமா என்ற வாதம் உலகெங்கும் நடக்கிறது. பேரணாம்பட்டு போன்ற டேனரி ஊரில் இதற்கு வேறு கனம் உண்டு. டேனரிக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழிக் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, இங்கே கணினி பம்பை ஓட்டுவதோடு நிற்பதில்லை, சாட்சியும் சொல்கிறது.

முதலில் கடைச் சரக்குக்காகப் பேசிவிடுகிறேன். தொழிலக ரகம் என்று பல மடங்கு விலைக்கு விற்கும் கணினியைத் திறந்தால், பல சமயம் கடைக் கணினியில் இருக்கும் அதே இன்டெல் சிப்தான் உள்ளே இருக்கும். அது கெட்டால் உதிரிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரணக் கணினி என்றால் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ சாயங்காலத்துக்குள் சரிசெய்ய ஆள் உண்டு. டேனரிக்காரர்கள் கூட்டாகப் பணம் போட்டு நடத்தும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

கடைக் கணினி மில்லி விநாடிக் கணக்கில் நேரம் தவறாமல் இயங்காது என்பார்கள். இரும்பு உருட்டாலைக்கு அது பொருந்தும். ஆனால் கழிவுநீர் நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் ஏறி இறங்க நிமிடங்கள் ஆகும். அங்கே விண்டோஸ் அரை விநாடி திணறினால் பாக்டீரியா கோபித்துக்கொள்ளாது. வைரஸ் பயமும் ஒருதலையாகவே சொல்லப்படுகிறது. 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட், சாதாரண விண்டோஸ் கணினி வழியே புகுந்து சீமென்ஸ் நிறுவனத்தின் பி.எல்.சி. என்ற தொழிலகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத்தான் ஏமாற்றியது. விலை உயர்ந்த பெட்டி அங்கே காப்பாற்றவில்லை.

ஆனால் காற்றின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டதும், போர்டுகளில் ஈயப்பூச்சுக்குப் பதில் வெள்ளிப்பூச்சு பரவியது. அதற்குப் பிறகு கந்தகம் உள்ள இடங்களில் கணினிகள் விசித்திரமாகச் சாகத் தொடங்கின: காகித ஆலை, டயர் ஆலை, கழிவுநீர் நிலையம். கார் வடிவமைப்புக் கூடம்கூடத் தப்பவில்லை, அங்கே மாதிரி செய்யும் களிமண்ணில் கந்தகம் இருந்தது. செம்பு சல்ஃபைடு போர்டின் மேல் கறுப்புப் பாசி மாதிரி படர்ந்து, பக்கத்துக் கம்பித்தடத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். கட்டுப்பாட்டு அறைக் காற்றைத் தரம் பிரிக்கும் ஐ.எஸ்.ஏ. 71.04 தரநிலை, கடைச் சரக்கு பிழைக்கும் அளவு மிதமான காற்றில் அந்த முட்டை நாற்ற வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் 3 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. நாற்றம் நன்றாகவே தெரிகிற அறை, அந்த எல்லையைத் தாண்டிவிட்ட அறைதான். தொழிலகக் கணினிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நியாயமான பங்கு இங்கேதான் இருக்கிறது: ஃபேன் இல்லாத பெட்டி, போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு. கூடவே, அதே மாடல் பல ஆண்டு கழித்தும் கிடைக்கும் என்ற வாக்குறுதி. தோல் சுழலும் டிரம்மின் ஆயுளோடு ஒப்பிட்டால் விண்டோஸ் பதிப்புகள் ஈசல். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவு நின்றது.

இன்னொரு குறை, சிரிப்பை வரவழைக்கும் அளவு சின்னது. ராஸ்பெர்ரி பை 4 வரை அந்தப் போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. நேரத்தை இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். மின்சாரம் போய்த் திரும்பி, இணையம் வராவிட்டால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். இரவு 2 மணிக் கழிவுநீர் 11 மணிக் கணக்கில் பதிவாகும். மாசு எந்த நேரத்தில் போனது என்று நீதிமன்றம் கேட்கும் ஊரில், சில ரூபாய்ப் பொத்தான் பேட்டரி இல்லாததால் முழுப் பதிவேடும் கேள்விக்குள்ளாகும். அந்தக் கடிகாரத்தைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். சேர்க்க வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான்.

நான் கோடு போடுவது ஓர் இடத்தில். சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புக் கழிவில் அமிலம் சேர்ந்து அதன் காரத்தன்மை இறங்கினால், கரைந்திருந்த சல்ஃபைடு வாயுவாகப் பொங்கும். பி.எச். 7 ஆகும்போது ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடாகவே இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். எனவே அமிலப் பம்பை நிறுத்தும் வேலை எந்தத் திரையையும் நம்பி இருக்கக் கூடாது. பி.எச். கருவியிலிருந்து நேரே ரிலேவுக்கு வயர் போக வேண்டும். திரை, பதிவேடு, செல்போனுக்குச் செய்தி அனுப்புவது இவையெல்லாம் ரிச்சி தெருச் சரக்கில் ஓடட்டும், கையிருப்பில் இன்னொன்றும் இருக்கட்டும். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். கணினி எந்த ரகமாக இருந்தாலும் சுவருக்கு முட்டுக்கொடுக்காது.

இதில் ஒரு சங்கடம் மிச்சம். நான் நம்பச் சொன்ன ரிலேவின் தொடுமுனைகளும் பெரும்பாலும் வெள்ளிக் கலவைதான், அவையும் இதே காற்றில் கறுக்கும். அதனால் முதல் செலவு பெட்டிக்கு அல்ல, அறைக்கு: கதவிடுக்கை அடைத்து, கரி வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, வெளிக்காற்று நுழையாத அழுத்தத்தில் வைப்பது. அதற்கும் முன்னால், செம்புத் தகடு ஒன்றையும் வெள்ளித் தகடு ஒன்றையும் 30 நாள் அந்த அறைச் சுவரில் தொங்கவிட்டு, மேலே படிந்த கறுப்பின் தடிமனை ஓர் ஆய்வகத்தில் அளந்து வாங்கலாம். கொட்டேஷன் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.