பாதி ஒப்புதல், முழு ஃபீஸ்!

புதிதாகத் திறந்த பார்மஸி கல்லூரி விளம்பரங்களில் பளிச்சென்று ஒரு வரி இருக்கும்: 'பார்மஸி கவுன்சில் அனுமதி பெற்றது'. பொய்யில்லை. ஆனால், முழு உண்மையும் இல்லை!

கோர்ஸ் நடத்த அனுமதி வேறு. 1948-ம் வருஷ பார்மஸி சட்டத்தின் 12-வது பிரிவுப்படி படிப்புக்கும் பரீட்சைக்கும் கிடைக்கிற ஒப்புதல் வேறு. இரண்டாவது இருந்தால்தான் பட்டம் வாங்கியவர் பார்மஸிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லையா? டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க 42-வது பிரிவு விடாது. முதல் பேட்ச் பையன் இந்த இரண்டாவதை நம்பித்தான் நாலு வருஷம் பி.பார்ம் படிக்கிறான்.

புதுக் கல்லூரிகளுக்கு கவுன்சில் 2019-ல் ஐந்து வருஷத் தடை போட்டது. 2022-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தொழில் நடத்தும் உரிமையைச் சட்டத்தால்தான் கட்டுப்படுத்தலாம், வெறும் தீர்மானத்தால் முடியாதாம். நியாயம்தான் சார்! கல்லூரி நடத்துபவரின் உரிமைக்கு கோர்ட் இருக்கிறது. முதல் பேட்ச்சுக்கு யார் இருக்கிறார்கள்?

எல்லா கல்லூரியும் ஒரு நாள் புதுசுதான். அதற்காக லாபம் டிரஸ்ட்டுக்கு, ரிஸ்க் மாணவனுக்கு என்பது என்ன கணக்கு? அட்மிஷனுக்குப் போனால் பஸ், கேன்டீன் பற்றி அப்புறம் விசாரியுங்கள். "12-வது பிரிவு ஒப்புதல் வந்தாச்சா? வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவீங்களா?" என்று முதலில் கேளுங்கள். சிரித்து மழுப்பினால், செக் புக்கை மூடிவிடுங்கள்!