நாள்வழியும் பேரேடும்

யுத்தச் செய்தி ஒரு நாள்வழிக் கணக்கு. 1941 டிசம்பர் 8, கோத்தபாருவில் ஜப்பானியர் கரையிறங்கினர். 10, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' மூழ்கின. 11, பினாங்கில் குண்டு. 1942 ஜனவரி 11, கோலாலம்பூர். பிப்ரவரி 15, சிங்கப்பூர். எழுபது நாள், பதிவுகளில் பிழையில்லை. ஆனால் பினாங்கில் விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து செத்தவர்கள், ஐரோப்பியரை மட்டும் இரவில் ரகசியமாகப் படகேற்றிய பின் கரையில் விடப்பட்டவர்கள், இவர்கள் எந்தக் கணக்கில்?

வங்கிக் குமாஸ்தாவுக்கு ஒன்று தெரியும். நாள்வழியில் உள்ள ஒவ்வொரு இனமும் பேரேட்டில் ஓர் ஆளின் பக்கத்துக்குப் போய்ச் சேரவேண்டும். இன்று யந்திரம் ஏற்றுகிறது, விதி அதேதான்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இந்தக் காரியத்தைத் தமிழில் செய்தது. மெடானில் ஜப்பானியப் படை நுழைவதைப் பார்க்கக் காத்து நிற்கும் ஜனக்கூட்டத்தில் நாவல் தொடங்குகிறது. பிறகு, கொள்ளையடித்தவர்களின் வெட்டுண்ட தலைகள். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்த சிங்காரத்துக்குச் செய்தியின் வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியும். அது முடிந்த இடத்தில் அவருடையது ஆரம்பிக்கிறது. வட்டிக்கடை அடுத்தாட்களின் அரட்டை, குடி, ஊர் நினைவு, தமிழ்ப் பெருமைமீது சிரிப்பு எல்லாம் குண்டுச் சத்தத்தோடு ஒரே பக்கத்தில் நடக்கின்றன. பிற்பகுதியில் பாண்டியன் சாகசக்காரனாகும்போது சம்பவம் சம்பவத்தைத் துரத்துகிறது; நாவலே நாள்வழிக்குத் திரும்பிவிடுகிறது. இந்தச் சரிவை நம் பாராட்டுரைகள் கவனித்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவில்லை. சிங்காரத்தின் பேரேடு பிரதானமாகக் கடைவீதிக்காரர்களுடையது. 1942-43இல் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் மாண்ட தமிழ்க் கூலிகள்? அவர்கள் சாவு அன்றன்றைய யுத்த அறிக்கைகளில் வரவில்லை. தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. கொண்டப்பநாயக்கன்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இதை எங்கோ நடந்த சமாசாரமாக என்னால் எழுத முடியவில்லை.

அந்தப் பக்கத்தை மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலில் திறந்தார். சிங்காரத்தைக் கொண்டாடும் நம் சிறு வட்டத்தில் அதைப் படித்தவர் எத்தனை பேர்? படிக்காமலேயே, தமிழில் யுத்த நாவல் ஒன்றுதான் என்று ஐந்தொகை போட்டுவிட்டோம். ஏற்றாத பக்கங்களை வைத்துக்கொண்டு போடும் ஐந்தொகையை எந்த மேலாளும் ஒப்புக்கொள்ளமாட்டான்.