'சிறுபூப்பு' என்னும் பெயர் பொருந்துமா?

பிறந்து ஒரு வாரம் கழியுமுன்னரே பெண்குழந்தையின் குருதியில் இனப்பெருக்க இயக்குநீர்கள், அதாவது ஹார்மோன்கள், பெருகத் தொடங்குகின்றன. ஆங்கில மருத்துவ நூல்கள் இதற்கு 'மினிபியூபர்ட்டி' என்று பெயர் சூட்டியுள்ளன. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இது 'சிறுபூப்பு' ஆகும். விரைந்து எழுதுவோர் கையில் 'குட்டிப் பூப்பு' என்றும் ஆகிவிடும். பெயர் பொருளுக்கு ஒத்ததா என்பது தமிழாசிரியர் ஆராயத்தக்கது.

'குட்டி'யை முதலிலேயே தள்ளிவிடலாம். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, மக்களுக்கு உரியனவாகக் குழவி, மகவு என்னும் இரண்டையே கொள்ளும். இடர் மிகுந்தது 'பூப்பு' என்னும் சொல்லே. நம் வழக்கில் பூப்பாவது முதல் மாதவிடாய். அதற்குச் சடங்கு உண்டு, தாய்மாமன் சீர் உண்டு. மூன்று மாத மகவு பூப்பெய்தியுள்ளது என்று கேட்ட தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்?

இனிப் பொருளை நோக்குவோம். கருவுற்ற கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜென் மிகுதியால் குழந்தையின் பிட்யூட்டரி சுரப்பி அடங்கிக் கிடக்கிறது. பிறந்ததும் அத்தடை நீங்குகிறது. எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரண்டும் எழுகின்றன. ஆண்குழந்தையிடம் இவ்வெழுச்சி ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும். பெண்குழந்தையிடமோ எஃப்.எஸ்.எச். ஓங்கி நிற்கும், சிலரிடம் இரண்டு வயதுக்கு மேலும் நீடிக்கும். சூலகத்துச் சிறு பைகள் வளர்வதும் சுருங்குவதுமாக இருப்பதால் எஸ்ட்ரடியோல் அளவும் நிலையின்றி ஏறி இறங்கும். ஆகவே 'சிறு' என்னும் அடைமொழியும் பெண்குழந்தையிடத்து இடறுகிறது.

இவ்வாறு நேர்ந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1973-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஃபாரெஸ்ட் முதலிய ஆய்வாளர் எடுத்துக்காட்டியது ஆண்குழந்தையின் விதைச்சுரப்பி இயங்குவதையே. ஆணின் அளவு ஒரு குன்றுபோல ஏறி இறங்குவது, காட்டுவதற்கு எளிது. அக்குன்றின் பெயரையே பெண்ணின் மேடுபள்ளத்துக்கும் இட்டுவிட்டனர் போலும். 2003-இல் டென்மார்க் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று 473 நலமான பெண்குழந்தைகளைப் பற்றியது. அதன் தலைப்பு, அளந்த ஆறு பொருள்களையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் கூறி அமைகிறது. பூப்பு என்ற பேச்சே அதில் இல்லை! அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

பெயர் எப்படியிருந்தால் என்ன என்று கேட்பாரும் உளர். பிறந்த முதல் வாரத்தில் சில பெண்குழந்தைகளுக்குச் சிறிது குருதி கசிவதுண்டு. தாய்வழி வந்த ஈஸ்ட்ரோஜென் திடீரெனக் குறைவதால் வருவது அது. குழந்தையின் சொந்தச் சுரப்பால் வருவதன்று. மார்பு வீங்கிப் பால்போன்ற நீர் துளிர்ப்பதோ இரு பாலிலும் உண்டு. ஐரோப்பியர் இதனைச் 'சூனியக்காரியின் பால்' என்று அஞ்சினர். நம்மவருள்ளும் அதனைப் பிழிந்து எடுக்கும் பாட்டிமார் உண்டு. பிழிந்தால் நோய்க்கிருமி புகுந்து சீழ்க்கட்டி உண்டாகலாம். தொடாமல் விட்டால் தானே வற்றும். இவை அனைத்தையும் 'பூப்பு' என்ற ஒரே கூடையில் போட்டால், எது தாயால் வந்தது, எது குழந்தையினுடையது என்பது மறைந்துபோகும்.

மருத்துவர்க்கும் இப்பருவம் பயன்படுவதே. டர்னர் நோய்க்குறி உள்ள பெண்குழந்தையிடம் எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ குறைந்திருக்கும். சூலகம் மறுமொழி தராமையால் எஃப்.எஸ்.எச். குழவிப்பருவத்தில் மிக உயர்ந்து, நடுப்பிள்ளைப் பருவத்தில் தாழ்ந்து, ஏறத்தாழப் பத்து வயதில் மீண்டும் உயர்கிறது. இவ்விரட்டை எழுச்சி 1975-இலேயே எழுதப்பட்டது. ஐந்தாறு வயதில் அளந்தால் குறை புலப்படாமற் போகலாம்; முதலாண்டில் அளந்தால் புலப்படக்கூடும்.

'குழவிப்பருவச் சுரப்பெழுச்சி' என்று சொல்லிப் பார்க்கலாம். நாவிற்குச் சற்று நீளமே. ஆயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒக்கும். கால அளவையும் முன்கூட்டி வரையறுத்துவிடாது. சடங்குப் பாயை விரிக்கவும் சொல்லாது.