பொருத்தம் பார்த்தல்

1989இல் வெளிவந்த மலேசியப் பத்து சென் காசில் இருப்பது பல்லாங்குழியா, சொங்காக்கா? இந்த ஒரு கேள்வியால் போன மாதம் எங்கள் ஆட்டம் ஒன்றரை நாள் நின்றுபோனது.

ஆட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய காசு சேர்க்கிற பதினோரு பேர், மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமாக, ஒரு புலனக் குழுவில் இருக்கிறோம். ஒருவர் ஒரு நாணயத்தின் படத்தைப் போடுவார். அடுத்தவர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதோடு பொருந்துகிற இன்னொரு நாட்டு நாணயத்தைப் போட வேண்டும். காசு சொந்தமாகக் கையில் இருக்க வேண்டும், இணையத்தில் எடுத்த படம் செல்லாது. இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். எதில் பொருந்துகிறது என்று ஒரே ஒரு விஷயத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஐந்துக்கு மார்க் போடுவார்கள். நடுவர் தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஜெயித்தவருக்கு ஆளுக்கு ஒரு காசு தபாலில் வரும். பரிசுக்காக யாரும் சண்டை போடுவதில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொள்வோம்.

இதை ஏன் ஒரு இலக்கிய இதழில் எழுதுகிறேன் என்றால், நான் விமர்சனம் எழுதுகிற முறையில் உள்ள ஒரு கோளாறை இந்த ஆட்டம்தான் எனக்குக் காட்டியது.

அந்தப் பத்து சென்னைப் போட்டவர் ஈப்போ அண்ணன். 1989 வரிசை பார்ப்பதற்கு அழகானது. ஒரு சென்னில் ரெபானா மேளம், ஐந்தில் பம்பரம், பத்தில் சொங்காக் பலகை, இருபதில் வெற்றிலைத் தாம்பாளம், ஐம்பதில் வாவ் பட்டம், ஒரு வெள்ளியில் கிரிஸ். எல்லாவற்றுக்கும் மறுபக்கம் செம்பருத்தி. சிங்கப்பூர் அக்கா அதற்குப் பதிலாக 1995ஆம் ஆண்டின் இந்தியக் காசைப் போட்டார். தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்டது, திருவள்ளுவர் உருவம் போட்டது. "ரெண்டும் தமிழ்" என்று ஒரு வரி.

"பத்து சென்ல எங்கம்மா தமிழ் இருக்கு?" என்று நடுவர் கேட்டார்.

"பல்லாங்குழி நம்ம ஆட்டம் இல்லையா சார்?"

"அது சொங்காக், அக்கா" என்றார் ஈப்போ அண்ணன்.

பிறகு ஒன்றரை நாள் வாக்குவாதம். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது என்பது வரைக்கும் போனது. கடைசியில் அக்காவுக்குத்தான் அந்த மாதத்தின் அதிக மார்க். நானும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாச்சியிடம் சும்மா கேட்டேன். தோட்டத்தில் லயன் வாசலில் மண்ணில் குழி தோண்டி, ரப்பர் கொட்டை போட்டு ஆடியவர். சொங்காக்கில் சிறு குழிகளைக் கம்போங் என்பார்கள். பலகையின் இரண்டு முனையிலும் பெரிய குழி ஒன்று இருக்கும், அதன் பெயர் ரூமா, அதாவது வீடு. சுற்றி வரும்போது உன் வீட்டில் ஒரு கொட்டை போட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். "நீங்க ஆடுனப்ப ரெண்டு பக்கமும் வீடு இருந்துச்சா அம்மாச்சி?"

"வீடா? அதெல்லாம் இல்லய்யா. ஜெயிச்ச கொட்டைய மடியில போட்டுக்குவோம்."

"ரெண்டும் ஒன்று" என்று நாங்கள் சொன்ன நிமிடத்தில் காணாமல் போனது இந்த வீடுதான். மடியும் கூடத்தான். ஒரே மாதிரி குழி, ஒரே மாதிரி கொட்டை, ஆனால் ஜெயித்ததை எங்கே வைப்பது என்பதில் இரண்டு ஆட்டமும் பிரிகின்றன. "தமிழ்" என்ற பெரிய சொல் எதோடும் பொருந்தும். அதனாலேயே அது எதையும் காட்டவில்லை. சிங்கப்பூரின் 1967 ஒரு வெள்ளிச் சிங்கத்தோடு இந்தியக் காசின் அசோகர் சிங்கத்தைச் சேர்த்து நான்கு மார்க் வாங்கியவரும் இந்த ரகம்தான். (அது நான்தான்.)

எங்கள் ஆட்டத்தில் இதுவரை வந்த நல்ல பொருத்தம் எது என்று கேட்டால், குறைந்த மார்க் வாங்கிய ஒன்றைத்தான் சொல்வேன். ஜொகூரிலிருந்து ஒரு தம்பி. முன்னால் வந்திருந்த காசு மலேசியாவின் 1967 ஒரு சென். அதற்கு அவன் சிங்கப்பூரின் 1967 ஒரு காசைப் போட்டான். "ஒரே வருஷம், ஒரே மதிப்பு, ரெண்டும் வெண்கலம், ரெண்டிலும் கட்டடம்." ஒன்றுதான் சொல்ல வேண்டும், நான்கு சொன்னான் என்று நடுவர் ஒரு மார்க் குறைத்தார். காசும் அரிதானதல்ல, எல்லோரிடமும் இருப்பது. "இதுல என்ன இருக்கு?" என்று கடந்துபோனோம்.

அதில் இருப்பது இதுதான். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967 ஜூன் 12 அன்று இரண்டு நாடுகளும் புருணையும் தனித்தனிப் பணத்தை வெளியிட்டன. ஆனாலும் ஒருவர் காசு மற்றவர் நாட்டில் அதே மதிப்புக்குச் செல்லும். மலேசியா இந்த ஏற்பாட்டிலிருந்து 1973 மே மாதம் விலகியது. அதுவரை ஒரே சட்டைப் பையில் இந்த இரண்டு செம்புநிறக் காசுகளும் கலந்து கிடந்திருக்கும். மலேசியக் காசில் நாடாளுமன்றக் கட்டடம், மேலே பிறையும் நட்சத்திரமும். சிங்கப்பூர் காசில் அடுக்குமாடி வீடு, முன்னால் நீரூற்று. புதிதாகப் பிறந்த இரண்டு அரசுகள், மிகச் சிறிய காசில், தன்னைப் பற்றி எதைச் சொல்ல நினைத்தன என்று இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. ஒன்று ஆள்பவர்கள் கூடும் இடத்தைக் காட்டுகிறது. மற்றது ஜனங்கள் படுத்துத் தூங்கும் இடத்தைக் காட்டுகிறது. இதை வைத்து எந்த நாடு உசத்தி என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை, அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடும் அரசாங்கத்தின் பெருமைதான். ஆனால் எல்லாம் பொருந்திய பிறகுதான் இந்தப் பிரிவு கண்ணில் படுகிறது. வருஷமும் மதிப்பும் உலோகமும் வேறு வேறாக இருந்திருந்தால் நாடாளுமன்றமும் அடுக்குமாடியும் வெறும் இரண்டு படங்கள்தான். இரண்டு காசிலும் லயன் வீடு இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

வேலையில் எனக்குத் தினமும் பழக்கமான விஷயம் இது. தண்டும் துளையும் துல்லியமாக ஒரே அளவில் இருந்தால் தண்டு சுழலாது. சுழல வேண்டும் என்றால் நடுவில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்காவது இடைவெளி விட வேண்டும். வரைபடத்தில் அந்த இடைவெளியைத்தான் முதலில் பார்ப்போம். கதையை வாசிக்கும்போது மட்டும் ஏனோ இது மறந்துவிடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். தமிழகத்தின் பெரிய எழுத்தாளர் ஒருவர் பெயரைச் சொல்லி, இவர் மலேசியாவின் இன்னார் என்று முடித்திருந்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன். நம்மிடையே இது சகஜம். பொருத்தம் சொல்லிவிட்டால் வாசித்தாகிவிட்டது என்று ஆகிவிடும். ஜாதகக்காரர் பத்துப் பொருத்தம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார், வாழப்போகிறவர்களை அவர் பார்க்கத் தேவையில்லை. அந்த எழுத்தாளர் ஒரு செய்தி அனுப்பினார்: "நன்றி தம்பி. அவரைக் கழிச்சிட்டா என் கதையில என்ன மிச்சம் இருக்குன்னு எழுதியிருக்கலாம்." கோபம் இல்லாத செய்தி. அதனால் பதில் போடுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்றுவரை போடவில்லை.

எங்கள் ஆட்டத்தின் விதிகளை அந்த மதிப்புரைக்குப் போட்டுப் பார்த்தால் நான் எல்லாவற்றிலும் தோற்கிறேன். எதில் பொருந்துகிறது என்று ஒரு விஷயத்தைக்கூடக் குறிப்பாகச் சொல்லவில்லை. மறுபக்கத்தைக் காட்டவில்லை. ஒப்பிட்ட அந்தத் தமிழக எழுத்தாளரின் புத்தகம் அப்போது என் கையிலும் இல்லை, நினைவிலிருந்து எழுதினேன். இரவல் படத்தைப் போட்டு ஆடியிருக்கிறேன்.

ஆட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. பொருந்துவதற்கு மார்க் இருக்கிறது, பொருந்தாததற்கு இல்லை. இரண்டாவது வரி ஒன்று வேண்டும், "எதில் பிரிகிறது" என்று சொல்ல, என நடுவரிடம் கேட்டேன். "ஏற்கெனவே சண்டை பத்தாதா?" என்றார். பிறகு ஒரு மாதம் பார்க்கலாம் என்று சம்மதித்தார். அந்தச் சிறுகதைத் தொகுப்பையும் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

இந்த மாத முதல் காசு ஐம்பது சென், வாவ் பட்டம். இன்று என் முறை. பறப்பது என்று சொல்லி ஏதாவது ஒரு பறவைக் காசைப் போட்டுவிடலாம், நாலு மார்க் நிச்சயம். பட்டம் பறப்பது நூல் கட்டியிருப்பதால். கட்டிப்போட்ட எதையாவது வைத்திருக்கிற காசு என்னிடம் இருக்கிறதா என்று மைலோ டப்பாவைப் பாயில் கொட்டித் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது.