நாற்பது ஆண்டும் பதினைந்து நிமிடமும்

ஒரு பொருள் நாடு விட்டு நாடு செல்லும்போது அதன் பெயரும் உடன் செல்கிறது. ஆயின் அப்பெயரோடு பிறந்த இடத்தில் ஒட்டியிருந்த பொருள்நயம் முழுவதும் செல்வதில்லை. வழியில் உதிர்ந்தது எது, புகுந்த வீட்டில் புதிதாக ஏறியது எது என்று காண்பது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய பணி என்று நாம் கருதவில்லை. பழமொழியும் மரபுத்தொடரும் ஒரு சமுதாயம் கூடி எழுதிய இலக்கியமே அன்றோ? எனவே அவை திறனாய்வாளரின் எல்லைக்குள்ளும் அடங்கும். இந்த எண்ணத்தோடு, நாள்தோறும் நம் நாவில் புழங்கும் 'காபி' என்னும் சொல்லை, சிறப்பாக ஆங்கிலம் அதைக் கையாண்ட விதத்தை, இங்கே மதிப்பிட முற்படுகிறோம்.

ஆங்கிலச் சொல்லின் தாய் அரபியின் 'கஹ்வா' என்பதே பெரும்பாலோர் கொள்கை. கஹ்வா துருக்கியில் 'கஹ்வே' ஆயிற்று. இத்தாலியர் 'கஃபே' என்றனர். டச்சுக்காரர் 'கோஃபி' என்றனர். 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பல்வேறு எழுத்துக் கோலங்களில் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. பண்டை அரபியில் கஹ்வா மதுவின் பெயர்களுள் ஒன்று. பசியை அடக்குவது என்னும் வேர்ப்பொருளை அரபு அகராதியாளர் அதற்குக் காட்டுவர். எத்தியோப்பியாவின் கஃபா நிலத்தோடு அதை இணைப்பாரும் உளர். கொட்டைக்கு அரபியில் 'புன்' என்று வேறு பெயர் உண்டு. எத்தியோப்பியர் இன்றும் 'புன்னா' என்றே வழங்குகின்றனர். ஆக, விளைபொருளுக்கு ஒரு சொல்லும் பருகும் பானத்துக்கு ஒரு சொல்லும் அரபியில் நின்றன. ஆங்கிலமோ கொட்டை, பொடி, பானம் யாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிக்கொண்டது.

கஹ்வா முதன்முதலில் யாருடைய பானமாக வரலாற்றில் காணப்படுகிறது? 15ஆம் நூற்றாண்டின் நடுவில், யமன் நாட்டு ஸூஃபிகளிடம். இரவு விழித்திருந்து திக்ரு செய்வதற்கு அவர்கள் அதைப் பருகினர். கெய்ரோவின் அல்அஸ்ஹர் பகுதியில் தங்கியிருந்த யமனியர் திங்கள் இரவும் வெள்ளி இரவும் கூடி, செம்மண் கலத்தில் கஹ்வாவை நிரப்பி, தலைவர் சிறு அகப்பையால் முகந்து ஒவ்வொருவருக்காக வழங்க, வலமாகக் கைமாற்றிப் பருகியதை அக்கால ஏடுகள் வருணிக்கின்றன. ஒரே கலம், பலர், ஓர் இரவு. கஹ்வா என்னும் சொல்லுக்குள் தனித்துப் பருகுதல் என்ற பொருளே தொடக்கத்தில் இல்லை என்பதை வாசகர்கள் நெஞ்சில் இருத்த வேண்டுகிறோம். நம் வாதம் இதன்மேல் எழுவது.

கூடிப் பருகும் பானம் ஆதலின் அதற்கு எதிர்ப்பும் கூட்டத்தை முன்னிட்டே வந்தது. ஹிஜ்ரி 917இல், அதாவது கி.பி. 1511இல், மக்காவில் சந்தைக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்த கைர் பேக் அறிஞரையும் மருத்துவரையும் கூட்டிக் கஹ்வாவைத் தடை செய்வித்தார். கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணையோ பானத்தை முழுதாக விலக்கவில்லை. கூட்டங்களின் முறைகேடுகளையே கண்டித்தது. இதே கதை லண்டனிலும் நிகழ்ந்தது. ஸ்மிர்னாவிலிருந்து ஒரு வணிகர் அழைத்துவந்த பாஸ்குவா ரோசே என்னும் பணியாளர் 1652இல் அங்கே முதல் காபிக் கடையைத் திறந்தார். ஒரு பென்னி கொடுத்தவர் யாராயினும் அமர்ந்து செய்தி கேட்கலாம், வாதம் புரியலாம் என்ற நிலை உண்டானது. 'பென்னிப் பல்கலைக்கழகம்' என்னும் பெயர் அதனாலேயே நின்றது. எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கூடிய கப்பல் வணிகரிடமிருந்தே பிற்காலத்து லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை வளர்ந்தது. மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் இக்கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பைக் கண்டு, நடைமுறைக்கு வருமுன்பே 1676 ஜனவரியில் அதைக் கைவிட்டார். மக்காவின் அதிகாரியும் லண்டனின் மன்னரும் அஞ்சியது கோப்பைக்கு அன்று. கோப்பையைச் சுற்றி எழுந்த பேச்சுக்கே.

இத்தகைய முன்வரலாறு உடைய ஆங்கிலம், தன் பழமொழிகளில் எதைச் சேமித்து வைத்தது? இங்கேதான் நமக்கு வியப்பு ஏற்படுகிறது. இன்று ஆங்கிலம் பேசுவோர் வாயில் மிகுதியாக வழங்கும் காபித் தொடர்கள் லண்டன் கடைகளின் காலத்தவை அல்ல. பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழக்கம் பெற்றவை. அவற்றுள் தலையாயது 'காபி பிரேக்'. வேலைக்கு நடுவே காபிக்கென விடும் இடைவேளை இது. 1952இல் அமெரிக்கக் காபி வணிக அமைப்பு ஒன்று செய்த விளம்பரத்தால் இத்தொடர் நாடெங்கும் பரவியது. டென்வர் நகரத்துக் கழுத்துப்பட்டி நெசவாலை ஒன்றில் தொழிலாளர்க்கு நாளுக்கு இருமுறை 15 நிமிட இடைவேளை விடப்பட்டது. அந்நேரத்துக்குக் கூலி உண்டா என்ற வழக்கு எழுந்தபோது, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956இல் உண்டு என்று தீர்ப்பளித்தது. இளைப்பாறிய தொழிலாளி மிகுதியாக உழைக்கிறார். எனவே இடைவேளையால் முதலாளிக்கும் பயன் உண்டு என்பது அதன் காரணம். தொழிலாளர்க்குக் கிடைத்த இந்த வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அக்காரணத்தைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். காபி அருந்தும் ஓய்வும் வேலையின் ஒரு பகுதி என்று ஆனபோதே அதற்கு விலை கிடைத்தது.

துருக்கியில் ஒரு பழமொழி உண்டு. ஒரு கோப்பைக் காபிக்கு நாற்பது ஆண்டு நினைவு உண்டு என்பது அதன் கருத்து. அதில் வரும் 'ஹாத்தர்' என்னும் சொல் அரபியிலிருந்து போனது. உள்ளம், நினைவு, மதிப்பு என்பன அதன் பொருள்கள். ஒருவர் வீட்டில் ஒருமுறை காபி அருந்தியவர் நாற்பது ஆண்டு அவருக்குக் கடமைப்பட்டவர். துருக்கி மொழியில் பழுப்பு நிறத்தின் பெயரே 'காபி நிறம்'. காலை உணவின் பெயர் 'காபிக்கு முன் உண்பது' என்னும் பொருளில் அமைந்தது. அம்மொழி காபியால் நாளைத் தொடங்குகிறது, நிறத்தைக் காண்கிறது, நட்பை அளக்கிறது. அங்கே ஒரு கோப்பையின் அளவு நாற்பது ஆண்டு. ஆங்கிலத்தில் அதன் அளவு பதினைந்து நிமிடம். 1915இல் வெளிவந்த புரூஃப்ராக் கவிதையில் டி. எஸ். எலியட் காபிக் கரண்டியையே வீணாய்ப்போன வாழ்நாளுக்கு அளவுகோலாக்கியது தற்செயல் அன்று என்றே எண்ணுகிறோம்.

மற்றொரு தொடர், 'விழித்தெழுந்து காபியின் மணத்தை முகர்ந்து பார்' என்பது. கனவை விட்டு உண்மை நிலையை உணர் என்று இடித்துரைப்பதற்கு இது பயன்படுகிறது. செய்தித்தாளில் வாசகர்க்கு அறிவுரை எழுதிவந்த ஆன் லாண்டர்ஸ் இதை மிகவும் பிரபலமாக்கினார். விழிப்பு என்னும் கருத்து இங்கும் உள்ளது, யமனிலும் இருந்தது. ஆனால் அங்கே விழித்தவர் தாமே விரும்பிப் பிறரோடு விழித்தார். இங்கே ஒருவர் மற்றொருவரை உலுக்கி எழுப்புகிறார். ஒரே பானம், ஒரே குணம். சொல்லின் தொனி மட்டும் தலைகீழாயிற்று.

ஆங்கிலத்துக்கு நாம் அநீதி இழைப்பதாகச் சிலர் கூறலாம். 'காபி அருந்தலாம் வாருங்கள்' என்பது அம்மொழியிலும் உரையாட அழைப்பதே அல்லவா என்று வினவலாம். உண்மைதான். ஜெர்மானியரிடமிருந்து 'காபி அரட்டை' என்னும் சொல்லையும் ஆங்கிலம் கடன் வாங்கியுள்ளது. கூட்டத்தின் நினைவு அம்மொழியில் அடியோடு அழிந்துவிடவில்லை. ஆயினும் அது பழமொழியாகக் கெட்டிப்படவில்லை. அன்றாட வழக்கில் மட்டும் கரைந்து நிற்கிறது. கெட்டிப்பட்டவை அலுவலகத்தையும் வரவேற்பறையையும் சார்ந்த சொற்கள்.

அவ்வரவேற்பறைச் சொற்களுள் ஒன்று 'காபி டேபிள் புத்தகம்'. சிறு மேசைமேல் அழகுக்காகக் கிடக்கும் படநூலை அது குறிக்கும். படிப்பதற்கு இல்லாமல் புரட்டுவதற்கே உரிய நூல் என்ற ஏளனமும் அதில் உண்டு. காபியைப் பற்றிய பொழுதுபோக்கு எழுத்துகளில் தவறாது இடம்பெறுவது ஆட்டிடையன் கதை. ஆடுகள் ஏதோ கனியைத் தின்று துள்ளினவாம்; இடையன் அதைக் கண்டு சொன்னானாம். இக்கதை 1671இல் ரோம் நகரில் ஃபௌஸ்துஸ் நைரோன் வெளியிட்ட இலத்தீன் நூலில்தான் நமக்கு முதலில் காணக் கிடைக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அப்துல் காதிர் அல்ஜஸீரி 'உம்தத்துஸ் ஸஃப்வா' என்னும் நூலில் கஹ்வாவின் வரலாற்றையும், அது ஆகுமா ஆகாதா என்று நடந்த வாதங்களையும், இரு தரப்பார் கூற்றுகளோடு விரிவாகத் தொகுத்துவிட்டார். ஆயிரத்தோரு இரவுகளைப் பிரெஞ்சில் பெயர்த்த அந்துவான் காலான் 1699இல் அந்நூலைத் தழுவியே காபியின் தோற்றம் பற்றி எழுதினார். ஆக, ஐரோப்பா அதை அறியாமல் இல்லை. எனினும் மக்கள் நினைவில் நின்றது அறிஞரின் வாதம் அன்று, துள்ளிய ஆடு. ஒரு பண்பாட்டின் சிந்தனையை விட்டுவிட்டு அதன் வேடிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் புரட்டிப் பார்த்து மகிழும் பழக்கம் அது.

இதே மனப்பான்மை பொய்ப் பழமொழிகளையும் படைக்கிறது. நரகம்போல் கருப்பு, மரணம்போல் கடுமை, காதல்போல் இனிமை என்று காபியைப் புகழும் ஒரு வாசகம் ஆங்கிலத் தொகுப்புகளில் துருக்கியப் பழமொழியாக உலவுகிறது. சற்றே மாறிய வடிவில் அதுவே பிரெஞ்சு அரசியலறிஞர் தாலிராண்டின் கூற்றாகவும் காட்டப்படுகிறது. இருவர்க்கும் உரியதாகச் சொல்லப்படும் சொத்தில் ஐயம் கொள்வது முறையே. நாற்பது ஆண்டுப் பழமொழி காபியைக் கொடுத்தவரை நினைக்கிறது. இவ்வாசகம் காபியை மட்டுமே நினைக்கிறது. விருந்தோம்பலை மறந்த வாசகத்துக்குத் துருக்கித் தொப்பி சூட்டிய கை எதுவாயினும், துருக்கியரின் உள்ளம் அதில் ஒலிக்கவில்லை என்பது நம் துணிபு.

ஊர்ப்பெயர்களின் கதை இன்னும் துயரமானது. யமனின் செங்கடல் துறைமுகம் அல்மகா. ஒரு காலத்தில் உலகுக்கே காபி அனுப்பிய அத்துறையின் பெயர், இன்று 'மோக்கா' என்று சாக்லேட் கலந்த பானத்தைக் குறிக்கிறது. 'ஜாவா' என்றால் அமெரிக்கக் கொச்சை வழக்கில் காபி. அத்தீவில் 1830 முதல் டச்சு ஆட்சி குடியானவரைக் கட்டாயப்படுத்தி ஏற்றுமதிப் பயிர்களை விளைவித்தது. காபி அவற்றுள் முதன்மையானது. முல்தாதுலி என்னும் புனைபெயரில் டெக்கர் 1860இல் வெளியிட்ட 'மாக்ஸ் ஹவலார்' புதினம் ஆம்ஸ்டர்டாமின் காபித் தரகர் ஒருவரின் தன்னிறைவான பேச்சில் தொடங்கி, ஜாவாவின் லெபாக் மாவட்டத்து ஏழைகளின் துயரத்துக்கு நம்மை இட்டுச் செல்கிறது. கோப்பையில் மறைந்திருந்த மனிதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தது அந்நூலின் வெற்றி. கொச்சைச் சொல் மறைத்ததை இலக்கியம் காட்டியது.

அந்த மறைவில் நம் மக்களும் உண்டு. இலங்கை மலைநாட்டில் 1820களில் தொடங்கிய ஆங்கிலேயரின் காபித் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து, காடுகளூடே கால்நடையாகச் சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். 1869இல் இலைத்துரு நோய் தாக்கியது. காபி அழிந்து தேயிலை வந்தது. மலையகத் தமிழர் வரலாற்றில் அந்நாட்களுக்குக் 'கோப்பிக் காலம்' என்று பெயர். துருக்கியர்க்கு நாற்பது ஆண்டு நினைவு. ஆங்கிலேயர்க்கு நிமிடக் கணக்கு. மலையகத் தமிழர்க்கோ காபி என்பது ஒரு தலைமுறையின் கால்வலி. எந்த ஆங்கிலப் பழமொழித் தொகுப்பிலும் இந்த மூன்றாவது அளவைக்கு இடம் இல்லை.

நம் மொழியையும் இதே துலாக்கோலில் நிறுத்துவதே நேர்மை. தமிழ் மக்கள் இச்சொல்லை ஆங்கிலத்தின் வழியே பெற்றனர். 'காபி கிளப்' என்று கடைக்குப் பெயரிட்டனர். கூடும் இடம் என்பதே கிளப் என்னும் சொல்லின் பொருள். ஆயினும் கூடிப் பருகப் பிறந்த பானத்தைச் சாதிக்கொரு வாசலில் விற்ற நாடு இது. 'பிராமணாள்' என்னும் சொல்லை உணவுவிடுதிப் பலகைகளிலிருந்து நீக்கக் கோரி 1957இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஆங்கிலத்தைக் குறை கூறும்போது இதை மறத்தல் தகாது. குளம்பி என்று பெயரை மட்டும் தமிழாக்க முயன்றாரும் உளர். கொட்டையின் வடிவைக் காட்டும் அப்பெயர், அதைச் சூழ்ந்த மனிதரைக் காட்டவில்லை.

எனினும் எளிய மக்களின் பேச்சில் ஒரு வாசகம் உண்டு. 'ஒரு வாய் காபித் தண்ணிகூடக் கொடுக்கவில்லை' என்று குறைபட்டுக் கொள்கிறார்களே, அதைக் கேட்டுப் பாருங்கள். அது பானத்துக்காக எழுந்த குறை அன்று. தன்னை மனிதராக மதிக்கவில்லையே என்னும் வருத்தம் அது. துருக்கியர் கொடுத்ததை நாற்பது ஆண்டு நினைக்கிறார். நம்மவர் கொடுக்காததை அத்தனை ஆண்டும் மறப்பதில்லை. இரண்டும் ஒரே அறத்தின் இரு முகங்கள். யமனிலே வலமாகக் கைமாறிய அகப்பை, ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல்லுக்குள்ளும் எங்கோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதனை அடையாளம் காண அல்ஜஸீரியின் நூல் போன்றவை தமிழில் பயிலப்பட வேண்டும். நம் ஊர்ப் பெரியோர் வாயில் வழங்கும் இத்தகைய வாசகங்களும் தொகுக்கப்பட வேண்டும். இல்லையேல் ஆட்டின் கதையே நம் பிள்ளைகளுக்கும் வந்து சேரும்.