சாம்பலில் தொலைந்த முகம்

பிறர் எடுத்து, பிறர் அச்சிட்ட படத்தைத் திறனாய்வு செய்வதென்றால் எழுதுகோல் தயக்கமின்றி ஓடும். இங்கே நாம் எடுத்துக்கொண்டிருப்பதோ, நமது பொறுப்பில் வெளிவரும் பங்கு மடலில் நாமே அச்சேற்றிய ஒரு படம். ஆகவே இத்திறனாய்வு ஓரளவு பாவசங்கீர்த்தனமாகவும் அமைந்துவிடுகிறது.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வரவே, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சோரியாங்குப்பமும் அதன் அண்டை ஊர்களும் வெள்ளத்தில் தத்தளித்தன. நீர் வடியத் தொடங்கியபோது அங்கே சென்ற இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவந்தார். செம்பழுப்பு நிற வெள்ளம். அதனருகே மூழ்காமல் எஞ்சிய நெல்வயலின் பச்சை. இரண்டிற்கும் இடையே வரப்பின்மேல் மஞ்சள் சேலை உடுத்திய மூதாட்டி ஒருவர். எது போயிற்று, எது எஞ்சிற்று என்பதை ஒரே பார்வையில் உணர்த்திய நல்ல படம்.

நமது மடலோ கறுப்பு வெள்ளை. வண்ண அச்சுக்கு நான்கு தகடுகளும் நான்கு மைகளும் வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு ஒரு தகடு போதும். ஏழைப் பங்கின் பணப்பைக்கு இதுவே ஏற்றது. கணினியில் ஒரே சொடுக்கில் வண்ணத்தை நீக்கி அச்சகத்திற்கு அனுப்பிவிட்டோம். மடலைக் கையில் வாங்கிய அந்தப் பாட்டி, அதைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எம் மூஞ்சி எங்க சாமி?” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மைத்திட்டு ஒன்றே இருந்தது. வயல் எது, வெள்ளம் எது என்பதும் விளங்கவில்லை. அழிவையும் நம்பிக்கையையும் நாம் ஒரே சாம்பலாக்கியிருந்தோம்.

இது எவ்வாறு நிகழ்ந்தது? வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களால் ஆனது. கறுப்பு வெள்ளையாக்கும்போது கணினி பொதுவாகச் சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 என எடுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. வெள்ளநீரின் நிறம் 150, 115, 75 என்றும், நெற்பயிரின் நிறம் 90, 150, 50 என்றும் கொள்வோம். கூட்டிப் பார்த்தால் இரண்டிற்கும் 121 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். கணக்கில் பிழையில்லை, ஆனால் கண்ணுக்கு வேறாய்த் தெரிந்தவை தாளில் ஒன்றாகிவிட்டன.

முகத்தின் கதை இதனினும் வருந்தத்தக்கது. அச்சில் சாம்பல் நிறம் என்று தனியே ஒன்றில்லை. சிறிதும் பெரிதுமான கரும்புள்ளிகளே அவ்வாறு தோற்றம் தருகின்றன. மலிவுத் தாளில் மை ஊறுவதால் ஒவ்வொரு புள்ளியும் பருத்துவிடும். இடத்தில் பாதியை நிரப்ப வேண்டிய புள்ளிகள் முக்கால் பங்கை நிரப்பிவிடும். வெளிர்நிற முகம் இதைத் தாங்கிக்கொள்ளும். வெயிலில் உழைத்துக் கறுத்த முகமோ சுருக்கமும் கண்ணும் தெரியாமல் மூழ்கிப்போகும்.

இக்குறை நம்மோடு தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் செந்நிற ஒளியை உணராதவை; ஆகவே மாநிறமும் அவற்றில் கரியதாகவே பதிந்தது. பின்னர் வண்ணச் சுருள் வந்தபோது, கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. நம் மக்களின் முகம் எவருடைய அளவுகோலாகவும் இருக்கவில்லை.

இனி, கறுப்பு வெள்ளையே தாழ்ந்ததா என்னும் வினா எழும். வண்ணமின்றி இந்தியாவைக் காண இயலாது என்று வாதிட்டவர் ஒளிப்படக் கலைஞர் ரகுபீர் சிங். 1998இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே ‘வண்ண நதி’ என்னும் பொருளுடையது. மறுபக்கம், 2025இல் மறைந்த பிரேசில் நாட்டுக் கலைஞர் செபஸ்தியோ சல்காடோ, டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய பின்னும் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. உழைப்பாளிகளின் முகங்களை அவரைப்போல மாண்புடன் அச்சில் கொணர்ந்தோர் மிகச் சிலரே. எனினும் அவர்மீதும் ஒரு குறை கூறப்பட்டது. துன்புறுவோரின் பெயர்களைச் சொல்லாமல் அவர்களைத் துன்பத்தின் அடையாளங்களாக மட்டும் ஆக்கிவிடுகிறார் என்று சூசன் சொன்டாக் 2003இல் எழுதினார். இக்குறை நமக்கும் பொருந்தும். நாம் அப்படத்தின்கீழ் இட்ட வரி, ‘வெள்ளத்தில் ஒரு மூதாட்டி’ என்பதே. முகத்தை மை விழுங்கியது. பெயரை விழுங்கியவர்கள் நாம்.

கறுப்பு வெள்ளையின் ஆற்றலை நம் திருச்சபையின் வரலாறே அறியும். 1898 மே 28 அன்று தூரின் நகரில் செக்கொந்தோ பியா திருப்போர்வையைப் படமெடுத்தபோது, துணியில் மங்கலாகத் தெரிந்த முகம் கண்ணாடித் தகட்டில் தெளிவாகத் துலங்கியது. வண்ணம் இல்லாமையால் ஒரு முகம் மறைந்தே தீரவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆகவே, குறை கருவியில் இல்லை. நமது அவசரத்தில் இருந்தது. மூன்று நிறங்களில் எதை மிகுதியாக எடுப்பது என்று கணினிக்கு நாமே சொல்ல இயலும். சிவப்பை மிகுதியாக எடுத்தால் மாநிற முகம் ஒளி பெறும். சிவப்பை மட்டுமே எடுத்தால், மேற்சொன்ன எண்களின்படி வெள்ளம் 150 ஆகவும் வயல் 90 ஆகவும் விலகி நிற்கும். மை பருக்கும் என்பதை முன்னறிந்து முகத்தின் நடுத்தரச் சாயலைச் சற்றே வெளிறச் செய்யலாம். அளவு மீறினால் கறுத்த முகம் வெளுத்த முகமாகிவிடும், அதுவும் பொய்யே. இவை அனைத்திற்கும் பத்து நிமிடங்கள் போதும். அந்தப் பத்து நிமிடங்களை நாம் அந்தப் பாட்டிக்குத் தரவில்லை.

சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் வெரோணிக்காளின் முன் முழந்தாளிடுகிறோம். அவள் செய்ததெல்லாம் இரத்தமும் புழுதியும் மறைத்த ஒரு முகத்தைத் துடைத்துவிட்டதுதான். ஒவ்வொரு மனிதரிலும் இறைச்சாயலைக் காண வேண்டுமென்று மறையுரையில் முழங்கும் நாம், அச்சகத்திற்குப் படம் அனுப்பும் வேளையிலும் அதை நினைவில் கொள்வது தகும். பங்கு மடலும் யூபிலி மலரும் நினைவஞ்சலி அட்டையும் தயாரிக்கும் அன்பர்கள் இதை மனத்தில் இருத்துவார்களாக.

அடுத்த மடலில் அதே படத்தை மீண்டும் வெளியிட்டோம், இம்முறை பாட்டியின் இசைவோடு, அவர் பெயரையும் சேர்த்து. தாளை வாங்கிப் பார்த்தவர், “வயசாயிடுச்சி சாமி” என்று சொல்லிச் சிரித்தார். முகத்தின் சுருக்கங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.